கிருஷ்ணம்மாளின் பெயரும் நட்சத்திரமும்

1928 அக்டோபர் 6. தெப்ராவிலிருந்து ஜோகூர் பாருவுக்கு வாடகை வண்டி: 1 வெள்ளி 50 காசு.
1928 நவம்பர் 2. பலகை, துணி, கற்பூரம்: 1 வெள்ளி 85 காசு.
1929 மார்ச் 18. ஜோகூர் பாருவிலிருந்து குளுவாங்குக்கு ரயில், இரண்டு பேருக்கு: 3 வெள்ளி 40 காசு.
அதே நாள். குளுவாங்கிலிருந்து ஏழாங்கட்டைக்கு லாரி: 60 காசு.
1929 ஜூலை 1. ஆயாக் கொட்டகைச் சம்பளம், நாள் ஒன்றுக்கு: 35 காசு.

முதல் தொகை, கிருஷ்ணம்மாளைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன செலவு. இரண்டாவது, அவள் உள்ளே இருக்கும்போது காய்ச்சலில் போய்விட்ட அவளுடைய கைக்குழந்தையை அடக்கம் செய்த செலவு. மூன்றாவதும் நான்காவதும், குணமாகி வெளியே வந்தவளை அவள் புருஷன் ஐயாசாமி தெப்ராவில் இருந்த பழைய தோட்டத்துக்கே அழைத்துப் போகாமல், முகம் தெரிந்தவர் ஒருவரும் இல்லாத வேறொரு தோட்டத்துக்கு அழைத்துப் போன செலவு. ஐந்தாவது ஒன்றுதான் வரவு. அந்த வரவுக்குத்தான் ஆபத்து வந்தது.

ஆயர் ஈத்தாமிலிருந்து குளுவாங் போகும் சாலையில் ஏழாவது மைல் கல்லருகே இருந்ததால், அதற்கு ஏழாங்கட்டைத் தோட்டம் என்று பேர். வெள்ளைக்காரத் துரை வைத்த பேர் வேறு. அதை யாரும் சொல்வதில்லை. ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டும் பெண்கள் விடியுமுன் காட்டுக்குப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக வேண்டும். இருந்த ஆயா கப்பலேறி ஊருக்குப் போய்விட்டாள். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணியார், வரிசையில் நின்ற பெண்களை ஒரு நோட்டம் விட்டு, "இந்தப் பொம்பளைக்குப் பிள்ளை குட்டி கிடையாது, சுத்தமாவும் இருக்கா," என்று கிருஷ்ணம்மாளைக் கை காட்டினார். அவள் கேட்டு வாங்கிய வேலை அல்ல அது. ஆனாலும் முதல் குழந்தையைக் கையில் வாங்கியபோது, இந்த வேலை போனால் தனக்கு இனி ஒன்றுமே இல்லை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

வேலையை அவள் நன்றாகவே பார்த்தாள். கொசுவுக்குத் தேங்காய் மட்டைப் புகை போட்டாள். ஏணைத் துணிகளைத் தினமும் வெந்நீரில் அலசினாள். ராசம்மாளின் மகன் காளியப்பன், ஏழு மாதத்துப் பிள்ளை, யாருடைய ஏணையிலும் தூங்க மாட்டான். கிருஷ்ணம்மாளின் தோளில்தான் தூங்குவான். மத்தியானம் ராசம்மா வரும்போது, "என்னடா பயலே, பெத்தவளை மறந்துட்டியா? அக்கா, இவனுக்கு என்ன மருந்து வெச்சீங்க?" என்று சிரிப்பாள்.

மருந்து என்ற சொல் கேட்டாலே கிருஷ்ணம்மாளுக்குத் திக்கென்றிருக்கும்.

அவளுடைய வியாதி மூன்று பேருக்குத்தான் தெரியும். அவளுக்கு, அவள் புருஷனுக்கு, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சவரிநாயகத்துக்கு. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து விடும்போது டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார். எந்தத் தோட்டத்தில் இருக்கிறாளோ அந்த டிரெசரிடம் கொடுத்து மாதாமாதம் மருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சீட்டு முழுவதும் இங்கிலீஷ். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே டாக்டருக்குப் பேச்சை மாற்றிச் சொன்ன தமிழர், "இங்க சொல்றது இந்தச் சுவரைத் தாண்டாது, தாராளமா சொல்லு," என்றார். அவள் சுவரைப் பார்த்தாள். வராந்தாவின் கைப்பிடிச் சுவர், இடுப்பளவுகூட இல்லை. இருந்தாலும் தூக்கமில்லாத களைப்பில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டாள். புருஷனிடம்கூடச் சொல்லாத விஷயம். அது சீட்டில் ஏறியிருக்குமோ என்பதுதான் அவளுடைய பயம்.

டிரெசர் சவரிநாயகம் அதிகம் பேசாதவர். மருந்தை இருமல் மருந்துப் புட்டியில் ஊற்றி, இருமலுக்கு என்று தமிழில் சீட்டு ஒட்டிக் கொடுப்பார். மற்றவளாக இருந்தால் அதை நல்ல மனசு என்று எடுத்துக்கொண்டிருப்பாள். கிருஷ்ணம்மாவோ, இவ்வளவு மறைக்கிறார் என்றால் அது எவ்வளவு கேவலமான வியாதியாக இருக்கும், இவ்வளவு கேவலமானதை ஒரு மனுஷர் எத்தனை நாள் வாயில் அடக்குவார் என்று எண்ணினாள். சனிக்கிழமை சாயங்காலம் அவரும் கிராணியாரும் கள்ளுக்கடைப் பக்கம் சேர்ந்து போவதை ஒருமுறை பார்த்தாள். அன்றைக்குச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

அக்டோபர் மாதம் ஒரு திங்கட்கிழமை ராசம்மா கொட்டகைக்கு வரவில்லை. பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு காட்டுக்குப் போனதாகத் தெரிந்தது. மறுநாள் இன்னும் இரண்டு பேர். அந்த வாரம் முடிவதற்குள் கொட்டகையில் பாதி ஏணைகள் காற்றில் ஆடின.

குழாயடியில் அவள் போனதும் பேச்சு நின்றது. தள்ளிப் போனதும் தொடங்கியது. இதிலே அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. 'உன்னைப் பற்றி யாரோ பேசுவது மாதிரிக் காதில் விழுந்தால் உடனே டிரெசரிடம் சொல்' என்று பெரிய டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முன்பு வந்த வியாதியின் தொடக்கமே அதுதான். இப்போது காதில் விழுவது குழாயடியிலிருந்தா, தலைக்குள்ளிருந்தா? போய்ச் சொன்னால் மறுபடியும் முற்றிவிட்டது என்று எழுதிவிடுவார். சொல்லாமல் இருந்தால் உண்மையிலேயே முற்றிவிடலாம். இரண்டு நாள் இதை வைத்துக்கொண்டு புழுங்கிவிட்டு, மூன்றாம் நாள் நேராகக் குழாயடிக்குப் போய் ராசம்மாளின் குடத்துக்கு முன்னால் தன் குடத்தை வைத்தாள்.

"ஏன் ராசம்மா, பிள்ளைய ஏன் கொண்டு வரலை?"

"அவனுக்குச் சளி, அக்கா."

"சளி பிடிச்ச பிள்ளையவா பனியில காட்டுக்குத் தூக்கிட்டுப் போற?"

ராசம்மா தன் குடத்தை ஓரமாக இழுத்தாள். வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்ற காளியம்மா பொறுக்க மாட்டாமல் சொன்னாள்: "அலமாக்! ஒண்ணுமே தெரியாத மாதிரி கேக்கிறதைப் பாரு. ருமா கிலாவுல இருந்துட்டு வந்தவகிட்ட எந்த மகராசி பிள்ளைய விடுவா?"

மலாயில் ருமா கிலா என்றால் பைத்தியக்கார வீடு. தோட்டத்தில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூட அந்தச் சொல் தெரியும்.

"யாரு சொன்னது?"

"சொன்ன வாயைக் காட்டிக் குடுத்து நான் ஏன் பாவத்தைக் கட்டிக்கணும்? தண்ணி பிடிக்கணும், குடத்தை நகத்துங்க."

தலைக்குள்ளிருந்து வந்த பேச்சு இல்லை என்பது ஒரு நிம்மதி. அந்த நிம்மதி அவள் ஆஸ்பத்திரிப் படியேறும் வரைக்கும்தான் நின்றது.

டிரெசர், ஆட்களை மேய்க்கும் தண்டல் ஒருவரின் கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் ஆளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். குற்றம் செய்தவன்தான் கதவைச் சாத்துவான் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"யார்கிட்டச் சொன்னீங்க ஐயா?"

"நான் யார்கிட்டயும் சொல்லலை."

"வேற யாருக்கும் தெரியாதே. நானும் சொல்லலை, எங்க வீட்டுக்காரரும் சொல்ல மாட்டாரு."

"கிருஷ்ணம்மா, இந்தப் பொம்பளை ஏன் மாசாமாசம் வர்றான்னு துரையே என்னைக் கேட்டாரு. வயித்து வலின்னு சொன்னேன்."

"அப்போ பொய் சொல்ல வரும் உங்களுக்கு."

சவரிநாயகம் கையிலிருந்த பஞ்சைக் கீழே வைத்தார். அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்தார். "இதுல மருந்து பேரு, எத்தனை சொட்டு, எத்தனை மாசம், அவ்வளவுதான் இருக்கு. நீ அங்க என்ன பேசினேன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் வேணாம். என் மேல நம்பிக்கை இல்லைன்னா இந்தா, கிராணிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொல்லு."

அவள் சீட்டை வாங்கினாள். அதில் ரகசியம் இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இன்னொருவரிடம் அதைக் காட்டியாக வேண்டும். ஒருவேளை இருந்துவிட்டால்? சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். இது தெரிந்துதான் துணிந்து நீட்டினார் என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே போனாள்.

நவம்பரில் லேபர் ஆபீசுத் துரை தோட்டத்தைப் பார்க்க வந்தார். பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யாருக்காவது குறை உண்டா என்று கேட்டார்கள். வழக்கமாக ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. கிருஷ்ணம்மா வரிசையை விட்டு முன்னால் வந்தாள்.

"டிரெசர் என் வியாதியை ஊர் பூரா சொல்லிட்டாரு. நான் ஜோகூர் பாருவில பைத்தியாஸ்பத்திரியில இருந்தேன். அதைச் சொன்னதால என் வேலை போகப் போகுது."

பேச்சை மாற்றிச் சொன்னவர் இங்கிலீஷில் சொல்லி முடிப்பதற்குள், அதுவரை தெரியாமல் இருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. பின் வரிசையில் யாரோ, "கொட்டகை ஆயாவா? அவளா?" என்று கேட்டது அவள் காதிலேயே விழுந்தது. சவரிநாயகம் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் அவளைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். அவர் மௌனத்தைத் தோட்டத்துத் துரை ஒப்புதலாக எடுத்துக்கொண்டார். ரப்பர் விலை விழுந்து ஆட்குறைப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. துரைக்கு ஒரு காரணம் போதும். டிசம்பர் கடைசியில் சவரிநாயகம் மெர்சிங் பக்கத்துச் சின்னத் தோட்டம் ஒன்றுக்குக் குறைந்த சம்பளத்தில் போனார்.

போகிற அன்றைக்கு ஆஸ்பத்திரி கூட்டுகிறவளிடம் மூன்று புட்டி மருந்து கொடுத்தனுப்பியிருந்தார். இத்தனை நடந்த பிறகு ஒருவர் கொடுக்கும் மருந்தில் என்ன கலந்திருக்குமோ? கிருஷ்ணம்மா மூன்றையும் வாழைக்கு ஊற்றினாள். அப்புறம் அவளுக்குத் தூக்கம் குறைந்துகொண்டே வந்தது.

தை முதல் வெள்ளிக்கிழமை ஐயாசாமி தலைக்குக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினான். மாதத்தின் முதல் வெள்ளி அவன் தவறாமல் போவான். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாகக் கூட்டத்துக்குப் பயந்து கோயில் பக்கமே போனதில்லை. அன்றைக்கு, தூக்கத்தையாவது கேட்டு வாங்கிக்கொண்டு வரலாம் என்று அவன் போன கொஞ்ச நேரம் கழித்துத் தானும் போனாள். பெண்கள் கூட்டத்தின் கடைசியில் தூணோரமாக நின்றாள்.

மாரியம்மன் கோயில் பண்டாரத்துக்கு சமஸ்கிருதம் வராது. குரல் மட்டும் வெண்கலம். ஒவ்வொருவருடைய பெயர், நட்சத்திரம், வேண்டுதல் மூன்றையும் தமிழிலேயே அம்மனுக்கு எடுத்துச் சொல்லுவார். ஒருவனுக்கு வயிற்றுப்போக்கு நிற்க வேண்டும். ஒருத்திக்கு ஊரிலிருந்து தம்பி வந்து சேர வேண்டும். கூட்டம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்துக்கு மாதத்தில் ஒருமுறை கிடைக்கும் சமாசாரப் பத்திரிகை அதுதான்.

"ஐயாசாமி சம்சாரம் கிருஷ்ணம்மா, பூச நட்சத்திரம்," என்று பண்டாரம் மணியை ஆட்டினார். "ஜோகூர் பாரு பைத்தியாஸ்பத்திரியில அஞ்சு மாசம் இருந்து வந்தவ. தாயே, அவ கையால ஆயாக் கொட்டகைப் பிள்ளைங்களுக்கு ஒரு கெடுதியும் வந்திராம நீதான் பாத்துக்கணும்!"

பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ராசம்மா மட்டும் திரும்பாமல் தரையைப் பார்த்தாள். ஐயாசாமி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வழியில், பாதித் தூரம் வந்தபின் அவள்தான் பேச்சைத் தொடங்கினாள்.

"எத்தனை மாசமா நடக்குது இது?" என்றாள்.

"ஐப்பசியிலிருந்து. நம்ம பிள்ளை போன மாசமாச்சே. ஒரு வருஷத்துக்குச் சேர்த்துச் சொல்லியிருக்கேன்."

"ஊருக்கே தமுக்கடிச்சிட்டீங்களே!"

"ஊருக்கா சொன்னேன்? சாமிகிட்டத்தானே சொன்னேன்."

"சாமிகிட்டயா சொன்னீங்க? பண்டாரத்துகிட்டல்ல சொன்னீங்க?"

"பண்டாரம் சொன்னாத்தானே அர்ச்சனை? இந்தத் தோட்டத்துலயே மூணு கிருஷ்ணம்மா இருக்கீங்க. விவரமாச் சொல்லலைன்னா வேண்டுதல் வேற எவளுக்காவது போயிடாதா?"

உண்மையாகவே அவன் அப்படித்தான் நம்பினான். பேரும் நட்சத்திரமும் போதாது, அடையாளம் தெளிவாக இருக்க வேண்டும் என்று பண்டாரத்திடம் இரண்டு தடவை சொல்லி ஒப்புவிக்க வைத்திருக்கிறான். காது கொடுத்த நாற்பது பேர் அவன் கணக்கிலேயே இல்லை.

"அது கிடக்கட்டும். என் கையால கெடுதி வந்திராமன்னு எதுக்குக் கேட்டீங்க? என்னை நம்பலையா?"

"உன்னை நம்பினேன். சாமியையும் நம்பினேன்."

"ரெண்டு பேரையும் நம்பினவரு எதுக்கு ஒருத்தரை ஒருத்தருக்குக் காவல் வெச்சீங்க?"

கொஞ்ச தூரம் நடந்தபின், "தெப்ராவுல, அன்னிக்கு வாய்க்கால் ஓரம்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். ஒன்றேகால் வருஷமாக இருவருக்கும் நடுவில் கிடந்த பேச்சு அது. மூன்று மாதத்துப் பெண் குழந்தையைக் காட்டு வாய்க்கால் ஓரத்தில் விட்டுவிட்டுக் கிருஷ்ணம்மா சாலை வரைக்கும் ஓடியிருந்தாள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் அழுகுரல் கேட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தார். காய்ச்சல் வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்துத்தான். என்றாலும் ஐயாசாமியின் மனசு வாய்க்காலை விட்டு வரவில்லை.

டாக்டரிடம் மட்டும் சொன்னதை அவள் அவனிடம் சொன்னாள்.

"நான் பிள்ளையத் தூக்கிப் போடலை. என் கையில இருந்தா என்ன செஞ்சிருவேனோன்னு பயமா இருந்துச்சு. அதான் துணிய விரிச்சு, மேட்டுல வெச்சிட்டு ஓடினேன். என்கிட்ட இருந்து தப்பட்டும்னு."

ஐயாசாமி சாலையோரத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் எழுந்திருக்கும் வரை அவள் நின்றாள்.

மறுநாள் இருவரும் பண்டாரத்தைப் போய்ப் பார்த்தார்கள். "ஒரு வருஷத்துக்கு ஒத்துக்கிட்டாச்சு, பாதியில நிறுத்தினா சாமி குத்தம்," என்று அவர் முரண்டு பிடித்தார்.

"நிறுத்த வேணாம் சாமி. பேரும் நட்சத்திரமும் மட்டும் சொல்லுங்க. மிச்சம் அம்மனுக்குத் தெரியும்," என்றாள் கிருஷ்ணம்மா.

அந்த வாரமே பெரட்டில், எங்கே நின்று டிரெசரைச் சொன்னாளோ அங்கேயே நின்று, "டிரெசரய்யா சொல்லலை. எங்க வீட்டு வழியாத்தான் வெளிய போச்சு. நான் சொன்னது தப்பு," என்றாள். ஆள்தான் போய்விட்டானே, இனி என்ன என்று துரை கையை உதறினார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ஐயாசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

புது டிரெசர் இளவயசுக்காரர். அவரிடம் போய், "கதவைச் சாத்துங்க ஐயா. எனக்கு என்ன வியாதின்னு நானே சொல்றேன்," என்றாள். அவர் முழுவதையும் கேட்டார்; ஆனால் எந்த மருந்து என்று தெரியவில்லை, அலமாரியில் சீட்டு இல்லை. பழைய டிரெசர் அதை யார் கையிலும் சிக்காமல் தன்னோடு எடுத்துப் போயிருந்தார். அதை அறிந்தபோதுதான் கிருஷ்ணம்மா அழுதாள்.

கிராணியாரைக் கொண்டு மெர்சிங்குக்குக் கடிதம் எழுத வைத்தாள். என் சீட்டை இங்குள்ள டிரெசர் பார்க்க எனக்குச் சம்மதம். உங்கள் பேரில் சொன்னது அபாண்டம், மன்னிக்க வேண்டும். பத்து நாளில் சீட்டு வந்தது, ஒட்டிய உறைக்குள் இன்னொரு ஒட்டிய உறையில். கூடவே அவர் எழுதியது ஒரு வரியும் இல்லை. சீட்டைப் பார்த்துப் புது டிரெசர் மருந்தைத் தொடங்கினார். அவள் திரும்பவும் எழுத வைத்தாள். பதில் வரவில்லை.

ஏணைகள் ஒவ்வொன்றாக நிரம்பின. நம்பிக்கையால் என்று சொல்வதற்கில்லை. மழைக்காலத்தில் பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்டு மரம் வெட்ட முடியாது, அவ்வளவுதான். ராசம்மா முதலில் வந்தாள். காளியப்பனை ஏணையில் போட்டுவிட்டுக் காட்டுக்குப் போகாமல் அரைநாள் சம்பளத்தை விட்டுக் கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்து பார்த்தாள். கிருஷ்ணம்மா அவளைப் போகச் சொல்லவில்லை. மற்ற தாய்மார்கள் மத்தியானம் வந்ததும் பிள்ளையின் கை காலைத் தடவி, சட்டையைத் தூக்கி முதுகைப் பார்ப்பார்கள். சில வாரங்களில், அவர்கள் கை நீளும் முன்பே கிருஷ்ணம்மா பிள்ளையின் சட்டையைத் தானே தூக்கிக் காட்டப் பழகிவிட்டாள்.

"சரி சரி, இறக்குங்க அக்கா, பிள்ளைக்குக் குளிரும்," என்று முதலில் சொன்னவள் ராசம்மா. மற்றவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

மெர்சிங்கிலிருந்து அதன்பின் வந்தது ஒரே ஒரு கடிதம். கிராணியார் கையில் கொடுக்காமல் அவள் அதை ஆயர் ஈத்தாம் கடைத்தெருவுக்கு எடுத்துப் போய், தன்னை யாரென்று தெரியாத ஒரு மளிகைக்கடைக்காரரிடம், பக்கத்து வீட்டுக்காரிக்கு வந்தது என்று சொல்லிப் படிக்க வைத்தாள். இப்போது தூக்கம் வருகிறதா என்று மட்டும் சவரிநாயகம் கேட்டிருந்தார். அது வந்தது 1930 ஆகஸ்ட் 21, வியாழக்கிழமை.